இடம் கழுவுதல்

எல்லோரும் அவளைப் பொட்டலக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையில் பொட்டலம் கட்டி விற்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். கத்தித் தொழிற்சாலையில் கூர் வைத்து, மெருகேற்றி, பிடி மாட்டி வருகிற கத்திகளை எண்ணெய்த் தாளில் சுற்றி அடுக்க ஓர் அறை உண்டு. சின்னப் பெண்ணாக அங்கே போய் உட்கார்ந்தவள், தொழிற்சாலையை இழுத்து மூடும்வரை எழுந்திருக்கவில்லை. விரலில் கூர் படாமல் கத்தியைச் சுற்றிச் சுற்றி, கடைசியில் வீட்டில் எது கையில் கிடைத்தாலும் அதே மடிப்புதான். சோப்புக்கட்டியைக்கூட நாலாய் மடித்த தாளில் வைத்து நுனியைச் செருகி வைப்பாள். கூடவே குடியிருக்கிற நாத்தனாருக்கு வாய் சும்மா இருக்குமா? "அண்ணி, நான் தூங்கும்போது என்னையும் சுத்தி அலமாரியில வெச்சுறாதீங்க" என்பாள்.

அவளுடைய வீட்டுக்காரருக்கு அதே தொழிற்சாலையில் சாணை அறையில் வேலை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சாய்வு'. சாணைக்காரர்கள் ஒரு மரப்பலகையில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார வேண்டும். அதனால் அந்தப் பலகைக்கே குதிரை என்றுதான் பெயர். மற்றவர்கள் எல்லாம் குதிரைமேல் நேராகக் குனிந்து வேலை செய்தால், இவர் மட்டும் இடது தோளைக் கீழே இறக்கி, தலையை வலப்பக்கம் சாய்த்து, கல் ஏதோ ரகசியம் சொல்கிற மாதிரி காதைக் கொடுத்துக்கொண்டு உட்காருவார். மேஸ்திரி என்னென்னமோ செய்து பார்த்தார். ஊஹும், ஆளை நிமிர்த்த முடியவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அப்படித்தான். கல்யாணப் போட்டோவில் மட்டும் விறைப்பாக நிற்பார்; போட்டோக்காரன் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியிருந்தான். "அது யாரோ ஒரு ஆளு, எங்க வீட்டுக்காரர் இல்ல" என்று சொல்லி அந்தப் போட்டோவை அவள் சுவரில் மாட்டவே இல்லை.

அவரைக் கொன்றது அந்தக் கல்தான். தண்ணீர்த் தொட்டியில் முங்கி முங்கிச் சுற்றும்போது சாணைக்கல் பரம சாது. தேய்ந்து வழுக்க ஆரம்பித்ததும் அதைக் காயவைத்து உளியால் கொத்திவிட வேண்டும். அப்போது கிளம்புகிற தூசி இருக்கிறதே, அது நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது. சாய்வுக்கும் அதுதான் நடந்தது. கடைசி நாட்களில் படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே தூங்கினார். அப்போதும் சாய்ந்துதான் தூங்கினார், பாவி மனுஷன். அவர் போய்ச் சேர்ந்த கையோடு தொழிற்சாலையும் படுத்துவிட்டது. வெளியிலிருந்து சல்லிசாகக் கத்தி வந்து குவிந்தபோது இவர்களுடைய கத்தியை யார் வாங்குவார்கள்? பெரிய இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கியது.

முதலாளி, யாராவது முற்றத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சாவியை இவளிடம் கொடுத்தார். பெருக்கினாள். பொட்டலம் கட்டும் அறை, அலுவலக அறை, முற்றம், அவ்வளவுதான். சாணை அறைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வேலை நடந்த காலத்திலேயே பெண்கள் அங்கே போகிற வழக்கமில்லை. இப்போது போவதற்கு அவளுக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் ஒரு மழைநாளில் அந்த அறையின் கூரை ஒழுகுகிற சத்தம் முற்றம்வரை கேட்டது. திட்டிக்கொண்டே ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

சாணை அறையின் சுவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கல் சுற்றும்போது தண்ணீரும் கல்தூளும் இரும்புத்தூளும் கலந்த சேறு தெறித்துக்கொண்டே இருக்கும். அது சாணைக்காரனின் தலைக்கு மேலாகவும் தோளுக்கு மேலாகவும் பறந்து பின்சுவரில் போய் அப்பும். வருஷக்கணக்கில் அப்பி அப்பி, பழுப்பு மஞ்சளில், விரல்மொத்தத்துக்குக் காய்ந்து நிற்கும். ஆள் உட்கார்ந்து மறைத்த இடத்தில் மட்டும் சேறு படாது. அங்கே வெறும் செங்கல் தெரியும். ஆக, ஒவ்வொரு குதிரைக்குப் பின்னாலும் ஓர் ஆளின் உருவம் சுவரில் விழுந்திருக்கும். ஒருவர் செத்துப்போனால், அவர் இடத்தில் அடுத்த ஆள் உட்காரும் முன், கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து அந்தச் சேற்றைச் சுரண்டி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சுரண்டியதைப் பின்பக்கத்து வாய்க்காலில் கரைத்துவிடுவார்கள். அந்த வாய்க்கால் தண்ணீர்தானே தொட்டிக்கு வந்தது. இதற்கு 'இடம் கழுவுறது' என்று பெயர். அடுத்தவன் உருவத்துக்குள் போய் எவனும் உட்கார மாட்டான்.

சாய்வு செத்த பிறகு அந்தக் குதிரையில் உட்கார ஆளே வரவில்லை. அதனால் இடத்தையும் யாரும் கழுவவில்லை.

வாளியோடு உள்ளே போனவள், ஜன்னலோரத்துச் சுவரைப் பார்த்தாள். இடது தோள் இறங்கியிருந்தது. தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. காது ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் காதை வைத்து அவள் எத்தனை கேலி செய்திருக்கிறாள்! வாளி கையிலிருந்து நழுவியது. அவளையறியாமல் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்தான். "ஏங்க..."

அன்றைக்குப் பிறகு பெருக்குகிற வேலை சாணை அறையில்தான் முடியும். எதிரே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். உங்க தங்கச்சி வாய் நாளுக்கு நாள் நீளுதுங்க, பக்கத்து வீட்டுக்காரன் குப்பையை நம்ம வாசல்ல தள்றான், எனக்கு முட்டி வலி, இப்படி. பதில் வராது என்பது தெரியாத பைத்தியமா அவள்? ஆனால் உயிரோடிருந்தபோது மட்டும் அந்த மனிதர் பெரிதாக என்ன பதில் சொல்லிவிட்டார்? தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். இப்போதும் அதையேதான் செய்தார்.

இதை அவள் ஒரு ஜீவனிடமும் மூச்சுவிடவில்லை. சுவரில் புருஷன் இருக்கிறார் என்று சொன்னால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? நாத்தனாரிடம் சொல்லலாம் என்று ஒன்றிரண்டு முறை வாயெடுத்தாள். ஆனால் தொழிற்சாலை என்ற பேச்சை எடுத்தாலே நாத்தனாருக்கு முகம் சிவந்துவிடும். "எங்க அண்ணனைத் தின்ன இடம் அது. நீங்க அதுக்குப் போய் விளக்குமாறு போடுறீங்க. எனக்குன்னா கொளுத்தத்தான் தோணும். அந்த வாசப்படியை நான் இந்த ஜென்மத்துல மிதிக்க மாட்டேன்!" இவளும் வாயை மூடிக்கொண்டுவிடுவாள். உள்ளுக்குள், உண்மையைச் சொன்னால், கொஞ்சம் சந்தோஷம்கூட. அவர் தனக்கு மட்டும் என்று இருந்தார்.

பெரிய முதலாளி காலமானதும் மகன் கையில் எல்லாம் வந்தது. அவனுக்கு அந்த இடத்தில் அடுக்குமாடி தெரிந்தது. ஒரு காலையில் இடிக்கிற மெஷின் உறுமிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. இவள் ஓடிப்போய் உள்ளே நுழைந்து, இரும்புக் கதவை உள்பக்கம் பூட்டிவிட்டாள்.

"அக்கா, கதவைத் திறங்க. சாவியைக் குடுங்க" என்றான் முதலாளி மகன்.

"சாவி தொலைஞ்சு போச்சு தம்பி."

"பூட்டிக்கிட்டு உள்ளதானே இருக்கீங்க?"

"உள்ளதான் தொலைஞ்சிருக்கு. தேடிக்கிட்டிருக்கேன், இரு."

அவள் தேடிக்கொண்டே இருந்தாள். வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. பழைய சாணைக்காரர்கள் வந்தார்கள், பிடி மாட்டுகிறவர்கள் வந்தார்கள். பழைய கட்டடங்களை அளந்து படம் போட்டுக்கொண்டு திரிந்த ஓர் இன்ஜினியர் பெண்ணும் வந்தாள். அவள் சும்மா விடுகிற ஆளில்லை. கோர்ட்டுக்கு ஓடி, இடிக்கக் கூடாது என்று தடையே வாங்கிவிட்டாள். மெஷின் திரும்பிப் போனது. பேப்பர்காரர்கள் வந்து பொட்டலக்காரம்மாவைப் படம் பிடித்தார்கள். "ஏம்மா இப்படி உயிரைக் குடுத்துக் காப்பாத்துனீங்க?" என்று கேட்டார்கள். அவள் இன்ஜினியர் பெண் சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். "இது நம்ம வரலாறுங்க."

வரலாறாவது ஒன்றாவது! அந்த ஒரு சுவரைத் தவிர மற்றதெல்லாம் இடிந்து விழுந்தாலும் அவள் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

பிறகு வேலைகள் மளமளவென்று நடந்தன. பணக்காரர்கள் சிலர் கொடுத்தார்கள், அரசாங்கமும் கொஞ்சம் கொடுத்தது. தொழிற்சாலை காட்சிக்கூடம் ஆகப்போகிறது என்றார்கள். பொட்டலம் கட்டுவதை வருகிறவர்களுக்குச் செய்துகாட்ட இவளையே கூப்பிட்டார்கள். இன்ஜினியர் பெண் ஒருநாள் இவளைச் சாணை அறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். இவள் மூன்றாவது ஆள் முன்னால் அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்மா, எல்லாக் கல்லையும் ஓட்ட முடியாது. ஒரே ஒரு கல்லை மட்டும் சரி பண்ணி ஓட விடலாம்னு இருக்கோம். எந்தக் கல்லுன்னு நீங்களே சொல்லுங்க. இந்த இடமே உங்களாலதான் மிஞ்சிச்சு."

"சரி பண்ற இடத்துல கூரை ஒழுகாம பாத்துப்பீங்களா?"

"முதல் வேலையே அதுதான்மா. ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி, முன்னாடி கயிறு கட்டி, யாரும் கை வைக்காதபடி."

"சுவத்தைத் தொட மாட்டீங்கல்ல?"

"ஐயய்யோ, தொடவே மாட்டோம். பழைய கறைகூட வரலாறுதானே!"

"அப்போ அந்த ஜன்னலோரக் கல்லு" என்றாள் பொட்டலக்காரம்மா.

அங்கேதான் அவளுக்குச் சறுக்கியது. கல் ஓட வேண்டுமானால் குதிரையில் ஓர் ஆள் உட்கார வேண்டும். ஓர் ஆள் உட்கார வேண்டுமானால் இடம் கழுவ வேண்டும். இது இன்ஜினியர் பெண்ணுக்கு எங்கே தெரியும்? ஆனால் இவளுக்குத் தெரியாதா? கூட்டாளியின் இடத்தைக் கழுவிவிட்டு, தலையெல்லாம் சுண்ணாம்பாக வீட்டுக்கு வந்த புருஷனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள்தானே? தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. இடம் கழுவுவது செத்தவர்களுக்கு அல்லவா? அவருடைய இடத்தைக் கழுவ வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்!

கல்லை ஓட்டிக்காட்டுவதற்கு வந்தவர் கூப்பாட்டு அண்ணன். சாய்வுக்கு அடுத்த குதிரையில் காலமெல்லாம் உட்கார்ந்தவர். கல் சத்தத்தில் காது போய், பேசினாலே ஊரைக் கூட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். சாய்வை அவர் மச்சான் என்பார், இவளைத் தங்கச்சி என்பார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள் இவளிடம், "மத்தியானமா சாணை அறைக்கு வா தங்கச்சி! உனக்கு ஒண்ணு காட்டணும்!" என்று தெருவுக்கே கேட்கும்படி ரகசியம் சொன்னார்.

கல் சுற்றப்போகிறது, அதை முதலில் நமக்குக் காட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, பிளாஸ்கில் டீயும் எடுத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் போனாள்.

வாசலிலேயே சுண்ணாம்பு வாசனை அடித்தது.

உள்ளே கூப்பாட்டு அண்ணனும் இன்னும் இரண்டு பழைய சாணைக்காரர்களும் நின்றார்கள். மூன்று பேர் தலையும் வெள்ளை. கை, மீசை, சட்டை எல்லாம் வெள்ளை. அவர்களுக்குப் பின்னால் ஜன்னலோரத்துச் சுவர், அன்றைக்குப் பிறந்த குழந்தை மாதிரி, பளிச்சென்று ஈரத்தோடு நின்றது.

"பாரு தங்கச்சி!" என்றார் கூப்பாட்டு அண்ணன். "மச்சான் போனப்ப நாங்க செய்ய வேண்டியதைச் செய்யல. கதவுல பூட்டு தொங்குச்சு, அவனவன் வேலை தேடி ஓடிட்டோம். மத்த எல்லாருக்கும் செஞ்சோம், அவனுக்கு மட்டும் செய்யல. ஒரு நாள்கூட அது என் நெஞ்சை விட்டுப் போகல, தெரியுமா? நாளைக்கு அவன் குதிரையில நான் உக்காரணும். அவன் இடத்தைக் கழுவாம எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உக்காருவேன்? அதான், கூட்டாளிங்களைக் கூப்பிட்டு, முறையா செஞ்சுட்டோம். நல்லா இருக்கா?"

அவள் டீ பிளாஸ்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கா தங்கச்சி?"

"நல்லா இருக்குண்ணே."

அவருக்குக் கேட்கவில்லை. கையைக் காதில் வைத்துக்கொண்டு கிட்டே வந்தார். கண்ணில் அப்படியொரு எதிர்பார்ப்பு. "என்ன?"

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள். "நல்லா இருக்கு அண்ணே! ரொம்ப நல்லா இருக்கு!"

அந்தக் கிழவர் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பாரம் இறங்கிய அழுகை. மற்ற இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் பிளாஸ்கைத் திறந்து ஆளுக்கொரு டீ ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் குடித்து முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்க்கவே இல்லை.

அவர்கள் கை கழுவத் தொட்டிப் பக்கம் போனதும் குதிரையைத் தாண்டிக்கொண்டு சுவரிடம் ஓடினாள். மேலே பூச்சுதானே, அடியில் சேறு அப்படியே இருக்கும், ராத்திரியோடு ராத்திரியாகச் சுரண்டினாலும் எடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. நகத்தால் கீறினாள். ஈரச் சுண்ணாம்பு வழித்துக்கொண்டு வந்தது. கீழே செங்கல். இன்னும் மேலே, தோளுக்கு மேலே, காது இருந்த இடத்தில் கீறினாள். செங்கல்தான். எங்கே கீறினாலும் செங்கல். உருவம் முடிந்து சேறு ஆரம்பிக்கிற அந்த விளிம்பு எங்கேயும் இல்லை. அந்த மனிதர்களுக்கு எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதே.

கூப்பாட்டு அண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"சுரண்டுனதெல்லாம் எங்கண்ணே?" என்று கேட்டாள். நல்ல வேளை, இந்தத் தடவை முதலிலேயே காதில் விழுந்தது.

"வாய்க்கால்ல கரைச்சாச்சு தங்கச்சி! நானே கரைச்சேன், என் கையாலயே. ஒரு துளி மிச்சம் வைக்கல!"

அந்த நேரம் பார்த்து இன்ஜினியர் பெண் உள்ளே வந்தாள். சுவரைப் பார்த்தவள் கையிலிருந்த சாமான்களைக் கீழே போட்டுவிட்டாள். "ஐயோ! யாரு இதைச் செஞ்சது? எதையும் தொடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! எல்லாம் போச்சே! யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று கிழவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூப்பாட்டு அண்ணனுக்கு வார்த்தை கேட்கவில்லை என்றாலும் அந்தப் பெண்ணின் முகம் புரிந்துவிட்டது. சற்றுமுன் அழுது தெளிந்த முகம் மறுபடி கலங்க ஆரம்பித்தது.

"நான்தான் செய்யச் சொன்னேன்" என்றாள் பொட்டலக்காரம்மா.

"நீங்களா? நீங்கதானேம்மா சுவத்தைத் தொடாதீங்கன்னு..."

"அப்ப அப்படிச் சொன்னேன். அப்புறம் இப்படிச் சொன்னேன். செத்தவங்க இடத்தைக் கழுவுறது எங்க முறை. அவங்களை ஒண்ணும் சொல்லாத."

செத்தவங்க என்ற சொல்லை அவள் அவரைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். தெருவில் எதிரே வந்தவர்கள் நாளைக்கு விழாவாமே என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே போனாள். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுப்படியிலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணி, சுண்ணாம்பு பூசிக்கிட்டு வந்து உக்காந்திருக்கீங்க? நாளைக்கு விழாவுக்கு இதுதான் வேஷமா?" என்று ஆரம்பித்தவள், இவள் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "அண்ணி! என்னாச்சு? யாருக்கு என்ன?"

"உங்க அண்ணன் போயிட்டாரு."

நாத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணி, என்ன பேசுறீங்க? அண்ணன் போய் எத்தனை வருஷமாச்சு!"

"இல்லடி. இன்னைக்குத்தான்."

அப்புறம்தான் அழுகை வந்தது. அவர் செத்த அன்றைக்கு, பார்க்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, ஆக வேண்டியதைக் கவனித்து, அழுவதற்கே நேரமில்லாமல் போன அழுகை எல்லாம் இப்போது வந்தது. விக்கி விக்கி, நடுநடுவே மூக்கைச் சிந்திக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். மழைநாளை, வாளியை, இறங்கிய தோளை, காதை, முக்காலி போட்டு உட்கார்ந்து பேசியதை, ஜன்னலோரக் கல் என்று தன் வாயாலேயே சொன்னதை. நாத்தனார் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அப்படி வாயை மூடிக்கொண்டிருந்து பொட்டலக்காரம்மா பார்த்ததே இல்லை.

எல்லாம் சொல்லி முடித்து ஓய்ந்தபின், இப்போது திட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள். அந்தப் பாழாய்ப்போன கட்டடத்துக்கு வேணும் என்பாள். பைத்தியமே, சுவரிடமா பேசினாய் என்பாள்.

நாத்தனார் அவளுடைய சுண்ணாம்புக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பேசியபோது குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"காதுகூடத் தெரிஞ்சுதா அண்ணி?"

"தெரிஞ்சுது."

"என்னை ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருக்கலாமே. வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு நான்தான் சொன்னேன். ஆனா அண்ணன் அங்க உக்காந்திருக்காருன்னு சொல்லியிருந்தா, நான் வந்திருக்க மாட்டேனா?"